பனியை உருக்கும் பாதைகள்

பனி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி. இமயத்தின் முடியில் ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பதற்கும், சிம்லாவில் தை மாதத்தில் பஞ்சுபோல் உதிர்வதற்கும் அதே சொல்லையே வழங்குகிறோம். தமிழ் வழங்கும் நிலத்தில் வெண்பனி பெய்வதில்லை. அதற்கென ஒரு தனிச்சொல் வேண்டும் என்ற நெருக்கடி நம் முன்னோருக்கு ஏற்படவில்லை போலும். மொழிபெயர்ப்போருக்கு இது ஒரு சிறு தொல்லை. இக்கட்டுரையில் பனி என்று நாம் குறிப்பது வானிலிருந்து பெய்து தரையில் குவியும் வெண்பனியையே என்று நேயர்கள் கொள்வார்களாக.

டில்லியிலும் சண்டிகரிலும் குடியேறிய நம்மவர், குளிர் என்றால் என்ன என்பதை முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டு விடுகிறார்கள். ஆயினும் வாசற்படியில் முழங்காலளவு பனி குவிந்து, கதவைத் திறந்த பின்னும் தெருவை அடைய முடியாத நிலையை நேரில் கண்டவர் நம்முள் சிலரே. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் உறவினர் அனுப்பும் படங்களில்தான் அக்காட்சியைப் பெரும்பாலும் பார்க்கிறோம். அத்தகைய படங்களில் எப்போதேனும் ஒரு விந்தை தென்படும். கூரையும் மரமும் தெருவும் வெள்ளைப் போர்வைக்குள் மறைந்து கிடக்க, ஒரே ஒரு வீட்டின் முன்புறம் மட்டும் பாதை கறுத்து, மழையில் நனைந்தாற்போல் ஈரமாகக் கிடக்கும். யாரும் அங்கே பனியை வாரவில்லை, உப்பும் தூவவில்லை. பாதையின் அடியில் வெப்பம் ஓடுகிறது.

அந்நாடுகளில் தெருவிலிருந்து வீட்டை ஒட்டிய மோட்டார் கொட்டகை வரையில் செல்லும் தனி வண்டிப் பாதை ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிற்கும் உண்டு. இரண்டு மோட்டார்கள் அடுத்தடுத்து நிற்கக்கூடிய ஒரு பாதையின் பரப்பு 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவில் அரை அடி, அதாவது 15 சென்டிமீட்டர் பனி பெய்வது அங்கே அதிசயமன்று. புதிதாகப் பெய்த பனி மிகவும் இலேசானது. தண்ணீரின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அவ்வளவு இலேசான பொருளே ஆயினும், கணக்கிட்டுப் பார்த்தால் அப்பாதையின்மேல் கிடப்பது 900 கிலோ. காலையில் அலுவலகம் செல்லுமுன் ஒருவர் மண்வாரி போன்ற அகன்ற பலகையால் அள்ளி ஓரத்தில் எறிய வேண்டிய சுமை இது. தெருவைச் சுத்தம் செய்யும் நகரசபையின் பெரிய வண்டி அவ்வழியே சென்றால், தெருவின் பனியையும் பாதையின் வாயிலில் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும். அது இறுகிய பனி. எடை இன்னும் அதிகம்.

இதனை வெறும் உடலுழைப்பு என்று எண்ணிவிடலாகாது. கடுங்குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூச்சை அடக்கிக் கைகளால் பளுவைத் தூக்கும்போது இரத்த அழுத்தம் திடீரென்று ஏறுகிறது. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நடுவயதினருக்கும் முதியோருக்கும் இவ்விரண்டும் ஒன்று சேர்வது ஆபத்தானது என்று அமெரிக்க இதயச் சங்கத்தார் குளிர்காலந்தோறும் எச்சரிக்கின்றனர். 2022 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரைப் பெரும் பனிப்புயல் தாக்கியபோது, இறந்தவர்களில் சிலர் பனியை அகற்றும் வேலையின்போது இதயம் நின்று மாண்டவர்கள். வாராமல் விட்டுவிடலாம் என்றால் சட்டம் விடாது. சிக்காகோ நகரில் இரவில் பெய்த பனியை வீட்டுக்கு முன்னுள்ள நடைபாதையிலிருந்து காலை 10 மணிக்குள் அகற்றிவிட வேண்டும் என்பது விதி.

உப்பு தூவுவது மற்றொரு வழி. உப்பு பனியைச் சுடுவதில்லை. தண்ணீர் உறையும் நிலையைத் தாழ்த்துகிறது, அவ்வளவே. பூஜ்யத்திற்குக் கீழே ஒன்பது பத்து டிகிரிக்கு மேல் குளிர் இறங்கிவிட்டால் சாதாரண உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். வேலை முடிந்த பின்னரும் அது போய்விடுவதில்லை. மோட்டாரின் இரும்பைத் துருவாக்குகிறது, காங்கிரீட்டை அரிக்கிறது, ஓடைகளிலும் ஏரிகளிலும் கலந்து நன்னீரை உவராக்குகிறது.

இந்நிலையில் தரையையே சூடாக்கினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது இயற்கையே. அதற்குரிய ஏற்பாடு எளிதாக விளங்கக்கூடியது. மண்ணைத் தோண்டிச் சரளை பரப்பி, வெப்பம் கீழே இறங்கி வீணாகாதபடி ஒரு தடுப்புப் பலகையை இடுகிறார்கள். அதன்மேல் கம்பி வலை விரித்து, பிளாஸ்டிக் குழாயைப் பாம்பு வளைந்தாற்போல் ஓரடி இடைவெளிக்குள் வளைத்து வளைத்துக் கட்டி, காங்கிரீட்டை ஊற்றி மூடிவிடுகிறார்கள். வீட்டிற்குள் இருக்கும் கொதிகலத்திலிருந்து வெதுவெதுப்பான நீர் இக்குழாயில் சுற்றி வருகிறது. வெறும் நீரானால் கொதிகலம் ஓயும் நாளில் உறைந்து குழாயைப் பிளந்துவிடும்; ஆதலால் கிளைக்கால் என்னும் உறையாத் திரவத்தை அதில் கலக்கிறார்கள். குழாய்க்குப் பதிலாக மின்சாரக் கம்பிகளைப் புதைப்பது இரண்டாவது முறை. அமைப்பதற்கு இது எளிது. நடத்துவதற்குச் செலவு அதிகம்.

பாதையில் பதித்த ஒரு சிறு வட்டக் கருவி இதற்குக் காவற்காரன். குளிர் மட்டும் இருந்தால் அது வாளாவிருக்கும். ஈரம் மட்டும் இருந்தாலும் அப்படியே. குளிரும் ஈரமும் சேர்ந்து தட்டுப்பட்டால்தான் வெப்பத்தை முடுக்கிவிடும். காங்கிரீட்டுப் பாளம் மெல்லத்தான் சூடேறும். பனி குவிந்த பின் விழித்துக்கொண்டு பயனில்லை. பனி நின்றவுடனே வெப்பத்தை நிறுத்துவதும் தவறு. பாதை காயுமுன் நிறுத்திவிட்டால், எஞ்சிய நீர் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாக உறைந்து, முன்னிருந்த பனியைக் காட்டிலும் மோசமாகக் காலை வாரிவிடும்.

இதுவரையில் எல்லாம் நன்று. இனி வெப்பத்தின் கணக்கைப் பார்ப்போம்.

பனிக்கட்டி உருகுவதற்கு உட்கொள்ளும் வெப்பம் சாமானியமானதன்று. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்கி நீராக்க 80 கலோரி வேண்டும். இவ்வளவு வெப்பத்தை விழுங்கிய பின்னும் அந்நீர் பூஜ்ய டிகிரியிலேயே நிற்கும்; தொட்டுப் பார்த்தால் வெப்பம் போன இடம் தெரியாது. இதனையே விஞ்ஞானிகள் உள்ளுறை வெப்பம் என்பர். உருகிய அதே நீரை 80 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவையோ, அவ்வளவும் உருக்குவதற்கு மட்டுமே செலவாகிறது. நம் கணக்கிலுள்ள 900 கிலோ பனியை உருக்குவது, உறைநிலையிலுள்ள 900 லிட்டர் நீரைக் காப்பி போடும் பதத்திற்குக் கொண்டுவருவதற்கு ஒப்பானது. ஒரு பெரிய கல்யாண வீட்டின் அடுப்பு செய்யும் வேலையை ஒவ்வொரு பனிப்பொழிவின்போதும் வாசலில் செய்தாக வேண்டும்!

மின்சாரத்தில் சொன்னால் இது ஏறத்தாழ 84 யூனிட். நடைமுறையில் செலவு இதைவிட மிகவும் கூடும். திறந்தவெளியில் கிடக்கும் சூடான தரையிலிருந்து காற்றும் வானமும் ஓயாமல் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கின்றன. தேங்கிய நீர் ஆவியாகி மேலும் கொண்டுபோகிறது. ஆகவே சதுர மீட்டருக்குச் சுமார் 400 வாட் என்று மின்கம்பிகளை அமைக்கிறார்கள். 60 சதுர மீட்டருக்கு 24 கிலோவாட். பத்து மணி நேரம் ஓடினால் 240 யூனிட். அமெரிக்க வீடுகளில் 2023-ஆம் ஆண்டு யூனிட்டின் சராசரி விலை 16 சென்ட். ஒரே ஓர் இரவுப் பனிக்கு 38 டாலர் ஆகிறது. வாசலை வறண்டிருக்கச் செய்வதற்காக ஒரு குளிர்காலத்தில் எத்தனை இரவுகள் இவ்வாறு செலவழிக்க வேண்டியிருக்கும் என்பது அவ்வூர் வானத்தைப் பொறுத்தது.

பனிக்கட்டியின் இந்தப் பிடிவாதத்திற்குச் சென்னையிலேயே ஒரு பழைய சாட்சி நிற்கிறது. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம், 1842-இல் ஐஸ் ஹவுஸ் என்ற பெயரில் எழுந்தது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி வந்து விற்ற பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடரின் கிடங்கு அது. 1833-இல் கல்கத்தாவிற்கு அவர் அனுப்பிய முதற் கப்பலில் 180 டன் ஏற்றப்பட்டது. நான்கு மாதம் பயணம் செய்து, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து வந்த பின்னரும் சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. உள்ளுறை வெப்பம் இவ்வளவு பெரிதாக இல்லாதிருந்தால், எவ்வளவு மரத்தூள் இட்டு மூடியிருந்தாலும் அச்சரக்கு நன்னம்பிக்கை முனையைத் தாண்டியிராது. டியூடரைச் செல்வராக்கிய அதே குணம், வாசற்பனியை உருக்க முயலும் அவர் நாட்டினரின் பணப்பையை இன்று பதம் பார்க்கிறது.

உருக்குவதற்கு வேண்டிய வெப்பத்தில் எந்தச் சாமர்த்தியத்தாலும் ஒரு கலோரியைக்கூடக் குறைக்க இயலாது. அவ்வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் மாறுதலுக்கு இடமுண்டு. இதனை மிக நன்றாக உணர்ந்தவர்கள் ஐஸ்லாந்து மக்கள் என்று கருதுகிறோம்.

அந்நாட்டின் தலைநகரான ரேக்யவிக்கின் பெயருக்கே புகைக்குடா என்று பொருள். புகையெனப்பட்டது உண்மையில் வெந்நீர் ஊற்றுகளின் ஆவி. 1930-ஆம் ஆண்டு முதல் நிலத்தடி வெந்நீரைக் குழாய் வழியே கொணர்ந்து அந்நகரத்துக் கட்டடங்களைச் சூடாக்கி வருகிறார்கள். 80 டிகிரிக்குச் சற்றேறக்குறைய வீட்டிற்குள் நுழையும் நீர், அறைகளுக்குக் கதகதப்பூட்டிவிட்டு வெளியேறும்போது சுமார் 35 டிகிரியில் இருக்கும். குளிக்கவும் போதாத அந்நீர் முன்பு சாக்கடைக்குச் சென்றது. இப்போது அதனைச் சாக்கடைக்கு அனுப்புமுன் வாசற்பாதைக்கும் நடைபாதைக்கும் அடியில் ஒரு சுற்றுச் சுற்ற விடுகிறார்கள். அறையைச் சூடாக்கப் போதாத நீர், பூஜ்ய டிகிரியிலுள்ள பனிக்கு நெருப்பாகும். வடித்த கஞ்சியை வீணாக்காத குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. கடுங்குளிர் நாட்களில் இக்கழிவு நீர் போதாமல் புதிய வெந்நீரைக் கலக்க நேரும்போது மட்டும் செலவுக் கணக்கு தொடங்குகிறது.

அமெரிக்காவிலும் இவ்வழியில் சென்ற ஊர்கள் உண்டு. ஆரிகன் மாநிலத்தில் கிளாமத் ஃபால்ஸ் என்னும் ஊர் வெந்நீர் ஊற்றுகளின் மேல் அமைந்தது. 1948-இல் அங்கே ஏற்றமான ஒரு நெடுஞ்சாலைப் பகுதியின் அடியில் இரும்புக் குழாய்களைப் புதைத்து, நிலத்தின் வெப்பத்தால் பனியை உருக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் அது உழைத்தது. பின்னர்க் குழாய்கள் அரிக்கப்பட்டுக் கசிந்தமையால் 1997-இல் நிறுத்தப்பட்டு, மறு ஆண்டில் பிளாஸ்டிக் குழாய்களுடன் புதிதாக அமைக்கப்பட்டது. சாலையைப் பெயர்க்காமல் அதனடியிலுள்ள குழாயைச் செப்பனிட இயலாது என்பதை வீட்டுக்காரர்களும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மிச்சிகன் மாநிலத்தில் 1847-இல் டச்சுக் குடியேறிகள் அமைத்த ஹாலந்து நகரத்தின் கதை வேறு. அங்கே வெந்நீர் ஊற்று இல்லை. நகராண்மையின் மின்சார நிலையம் இருந்தது. எந்த அனல் மின்நிலையமும் எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதியை மின்சாரமாக்க இயலாமல், குளிர்விக்கும் நீரோடு வெளியேற்றிவிடுகிறது. ஹாலந்திலும் அது ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. 1988-இல் எட்கர் பிரின்ஸ் என்ற தொழிலதிபரின் தூண்டுதலாலும் நன்கொடையாலும் அந்நீரைக் கடைத்தெருவின் அடியில் திருப்பிவிட்டார்கள். பூஜ்யத்திற்குக் கீழே 7 டிகிரிக் குளிரிலும் மணிக்கு ஓரங்குலம் பனியை உருக்கும் வல்லமை அதற்கு உண்டு. நிலக்கரி நிலையம் மூடப்பட்டு இயற்கை வாயு நிலையம் வந்த பின்னரும் ஏற்பாடு தொடர்கிறது. கடைத்தெருவில் முதியோர் கைத்தடியோடு அச்சமின்றி நடக்கிறார்கள். ஆயினும் இத்தகைய வெப்பத்தை ஒரு தனி வீட்டுக்காரர் பெற முடியாது. ஊர் கூடி இழுத்தால்தான் நகரும் தேர் இது.

இனாமாகக் கிடைப்பதாகத் தோன்றும் வெப்பத்திற்கும் சில வேளைகளில் விலையுண்டு என்பதை ஜப்பானின் நாகவோகா நகரம் கற்றுக்கொண்டது. ஜப்பான் கடலோரத்துக் கடும் பனி நாட்டில் உள்ளது அந்நகரம். நிலத்தடி நீர் கசிந்த ஓரிடத்தில் மட்டும் பனி தங்காததை இமாய் யோசபுரோ என்ற அரிசிப் பலகாரத் தொழிலதிபர் கவனித்தார் என்று சொல்லப்படுகிறது. 1961-இல் அங்கே சாலை நடுவே துளையிட்ட குழாய்களைப் பதித்து, 13, 14 டிகிரி வெதுவெதுப்புள்ள கிணற்று நீரைப் பனியின்மேல் தெளிக்கத் தொடங்கினார்கள். 1963-ஆம் ஆண்டின் பெரும் பனியில் மற்றச் சாலைகள் மூடிக்கிடக்க, இச்சாலை திறந்திருந்ததைக் கண்டு ஊரெங்கும் அம்முறை பரவியது. குளிர்காலந்தோறும் எல்லோரும் ஒரே நேரத்தில் நீரை இறைத்ததன் விளைவாக நிலத்தடி நீர் தாழ்ந்தது; நிலமே அமிழத் தலைப்பட்டது. இன்று நீரைச் சிக்கனப்படுத்தும் கட்டுப்பாடுகள் உள்ளன. நீரிலுள்ள இரும்புச் சத்தால் செம்பழுப்பேறிய தெருக்கள் கோடையிலும் அக்கதையைச் சொல்கின்றன.

இவ்வாறு மிச்ச வெப்பமும் நில வெப்பமும் இல்லாத இடத்தில், புதிதாக எரிவாயு எரித்து வாசலைச் சூடாக்குவது முறைதானா என்று கேட்பவர்கள் அமெரிக்காவிலேயே உண்டு. கொலராடோ மலைப்பகுதியில் செல்வர்களின் மாளிகைகள் நிறைந்த ஆஸ்பென் நகரமும் அதைச் சார்ந்த பிட்கின் மாவட்டமும் 2000-ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தன. பனி உருக்கும் பாதையும் திறந்தவெளி வெந்நீர்க் குளமும் அமைப்போர், வரம்பிற்கு மேற்பட்ட எரிசக்திக்கு ஈடாகச் சூரிய வெப்பக் கருவி போன்றவற்றை நிறுவ வேண்டும். அல்லது கட்டணம் செலுத்த வேண்டும். அத்தொகை பிறருடைய வீடுகளில் எரிசக்தியை மிச்சப்படுத்தும் வேலைகளுக்குச் செல்கிறது. புகை மிகுந்து உலகம் சூடேறுவதால் தங்கள் மலையின் பனியே குறைந்துவருகிறது என்னும் கவலை, பனிச்சறுக்கு விளையாட்டை நம்பி வாழும் அவ்வூராருக்கு உண்டு. பனியை விற்றுப் பிழைக்கும் ஊரில், பனியை உருக்க எரிவாயு எரிப்பது சற்று வேடிக்கையான நிலைமைதான்.

ஆயினும், இதனை முழுவதும் ஆடம்பரம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. செங்குத்தான பாதையின் உச்சியில் தனியே வாழும் எழுபது வயது முதியவருக்கும், சக்கர நாற்காலியில் செல்பவருக்கும், நள்ளிரவில் அழைப்பு வந்தால் உடனே புறப்பட வேண்டிய மருத்துவருக்கும் வறண்ட வாசல் உயிர் காக்கும் வசதி. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட முதியோரின் சிகிச்சைச் செலவை எண்ணினால் 38 டாலர் பெரிதன்று.

டொராண்டோவிலோ டெட்ராய்ட்டிலோ வீடு கட்டும் நேயர்களின் மகனோ மருமகளோ இதைப் பற்றி யோசனை கேட்டால், சில செய்திகளை எழுதியனுப்பலாம். பாதை முழுவதையும் சூடாக்க வேண்டியதில்லை. மோட்டாரின் சக்கரங்கள் உருளும் இரண்டு பட்டைகளின் அடியில் மட்டும் குழாயிட்டால் செலவு பாதிக்கும் கீழே குறையும். வாசற்படிகளை மட்டும் சூடாக்குவது இன்னும் சிக்கனம். மனிதர் விழுவது பெரும்பாலும் அங்கேதான். அடித் தடுப்புப் பலகையை விலை கருதி விட்டுவிடலாகாது. உருகிய நீர் எங்கே செல்லும் என்பதைக் காங்கிரீட்டு ஊற்றுமுன்பே தீர்மானித்து, உறையாத ஆழத்தில் வடிகால் அமைக்க வேண்டும். அன்றேல் 900 லிட்டர் நீரும் பாதையின் சரிவில் இறங்கி, சூடில்லாத தெரு நடைபாதையில் தேங்கி, விடியுமுன் உறைந்துவிடும். அண்டை வீட்டுக்காரர்தான் முதலில் வழுக்கி விழுவார்.